ஏன் கடித்தான் என்று சொல்லத் தெரிந்தவருக்கே வேலை

“நாலு வயதுப் பையன். பேச்சு இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடும் நேரத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைக் கடித்துவிட்டான். நீங்கள் என்ன செய்வீர்கள்?”

சிறப்புத் தேவையுள்ள சிறு பிள்ளைகளின் நிலையம் எதற்கு இன்டர்வியூவுக்குப் போனாலும், ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி வரும். “பொறுமையாகப் பேசுவேன், தனியே உட்கார வைப்பேன், அம்மாவிடம் சொல்வேன்” என்று பெரும்பாலானோர் சொல்லிவிட்டு வருவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பதிலுக்கு வேலை கிடைக்காது.

வேலை வாங்கித் தருகிற பதில் இப்படி இருக்கும்: “முதலில் இரண்டு பேரையும் பாதுகாப்பாகப் பிரிப்பேன், கடிபட்ட பிள்ளையைக் கவனிப்பேன். பிறகு, கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, கடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று எழுதி வைப்பேன். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரணம் சொல்ல மாட்டேன்.”

இந்தத் துறையில் உங்கள் மதிப்பு இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் திறமைதான். பிள்ளையை அடக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. காரணத்தைப் படித்து, அந்தக் காரணத்துக்கு வேறு வழி காட்டி, அது வேலை செய்ததா என்று எண்ணிக்கையில் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறைவில்தான் உங்கள் இடம் இருக்கிறது.

வேலை எங்கே இருக்கிறது

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் குடியிருப்பவருக்கு இந்தத் துறை வாசலிலேயே இருக்கிறது. ரெட்ஹில் எம்ஆர்டியில் இறங்கி லெங்கோக் பாருவுக்கு நடந்தால் எனேபலிங் வில்லேஜ் வந்துவிடும். பழைய புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழகத்தின் இடத்தைப் புதுப்பித்து 2015-இல் திறந்தார்கள். உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபலின் அலுவலகம் அங்கேதான். உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளும் டெக் ஏபல் அங்கேதான். ஆவா அமைப்பு 2016-இல் தொடங்கிய கிண்டில் கார்டனும் அங்கேதான். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கும்படி திட்டமிட்டுத் தொடங்கிய முதல் சிங்கப்பூர் பாலர் பள்ளி அது. பத்து இடத்தில் ஏறக்குறைய மூன்று இடம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு.

தியோங் பாரு பெங் நுவான் ஸ்திரீட்டில் உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்பிடியின் தலைமையகம் இருக்கிறது. அந்த அமைப்பு 1964-இல் தொடங்கியது. பக்கத்துக் குவீன்ஸ்டவுனில், மார்கரெட் டிரைவில், ரெயின்போ சென்டர், மைண்ட்ஸ். இப்படிப்பட்ட அமைப்புகளின் பெயர்களை இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்யாதீர்கள். எது எந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறது, எந்த நிலையத்தில் பேச்சுத் தெரபிஸ்ட் முழு நேரம் இருக்கிறார் என்கிற அளவுக்கு விசாரித்து வையுங்கள்.

ஒரு பிள்ளை இப்படிப்பட்ட நிலையத்துக்கு வந்து சேரும் வழக்கமான பாதை இது. பலதுறை மருந்தகத்திலோ பாலர் பள்ளியிலோ சந்தேகம் வரும். கேகே மருத்துவமனையின் பிள்ளை வளர்ச்சித் துறை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிரிவு மதிப்பிடும். ஆறு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, தேவை அதிகமென்றால், ‘இபிக்’ என்னும் தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டத்துக்குப் பரிந்துரை போகும். பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பான எக்டா பணம் ஒதுக்குகிறது, சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன.

தேவை எங்கே கூடுகிறது என்று பாருங்கள். 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. 2023-இன் இரண்டாம் பாதியிலிருந்து ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் இன்க்ளூஷன் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சாதாரணப் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறீர்களா? இந்தப் பொறுப்பு அடுத்து யாருக்குப் போகப்போகிறது என்று உங்கள் பிரின்சிபலிடம் இந்த வாரமே கேளுங்கள். கேட்டவர் பெயர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

தகுதி பற்றிச் சுருக்கமாக

டீச்சர் பாதைக்குப் பாலர் பருவக் கல்விக்கான தேசியக் கழகம் (என்ஐஇசி) நடத்தும் தொடக்கநிலைத் தலையீட்டு அட்வான்ஸ்டு டிப்ளோமா. ஏழு வயதுக்கு மேல் சிறப்புக் கல்விப் பள்ளி என்றால் தேசியக் கல்விக் கழகத்தின் (என்ஐஇ) சிறப்புக் கல்வி டிப்ளோமா. பல அமைப்புகள் வேலையில் சேர்த்துக்கொண்டு படிக்க அனுப்புகின்றன. பாண்ட் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆக்குபேஷனல் தெரபி, பிசியோதெரபி, பேச்சுத் தெரபி மூன்றுக்கும் துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு: முட்டுக்காட்டில் இருக்கும் தேசியப் பன்முகக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனத்தில் படித்திருந்தாலும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் கையில் இருந்தாலும், இங்கே அது தானாகச் செல்லாது. மன்றத்தின் தகுதிப் பட்டியலை முதலில் பாருங்கள், டிக்கெட்டைப் பிறகு போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஆர்பிடி’, ‘பிசிபிஏ’ என்னும் நடத்தைப் பகுப்பாய்வுச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் வரும். அந்தச் சான்றிதழ்களைத் தருகிற அமெரிக்க வாரியம் 2023 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட சில நாடுகளில் இருப்பவர்களின் புதிய விண்ணப்பத்தை மட்டுமே ஏற்கிறது. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பாடத்தில் சரக்கு இருக்கலாம். ஆனால் பணம் கட்டும் முன், முடிவில் கையில் கிடைக்கப் போவது என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

1. எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாகச் சேர்ந்தவர் எழுதுகிற குறிப்பு இப்படி இருக்கும்: “இன்று மிகவும் முரட்டுத்தனமாக இருந்தான். மூட் சரியில்லை. மூன்று முறை அழுதான்.” இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அதே சம்பவம், எழுதத் தெரிந்தவர் கையில்: “காலை 9.40. தண்ணீர் விளையாட்டு. ‘முடிஞ்சது, கிளாஸுக்குப் போலாம்’ என்று சொல்லி டீச்சர் குழாயை மூடினார். ஐந்து விநாடியில் தரையில் படுத்தான். இரண்டு முறை தலையைத் தரையில் இடித்தான். டீச்சர் தலைக்கு அடியில் கையை வைத்தார், குழாயை மறுபடி திறந்தார். பத்து விநாடியில் நின்றது.”

முன்னால் நடந்தது, நடந்தது, பின்னால் நடந்தது. மூன்றே பகுதி. ‘முரடு’, ‘அடம்’, ‘வேண்டுமென்றே’ போன்ற சொற்கள் எங்கேயும் இல்லை. கேமராவில் தெரிகிற விஷயம் மட்டும் இருக்கிறது. கடைசி வரியை மறுபடி படியுங்கள். தலையை இடித்தால் தண்ணீர் திரும்ப வரும் என்று அந்தப் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் கற்றுக்கொடுத்தது அந்த டீச்சர்தான். தலையைக் காப்பாற்றியது சரி. குழாயைத் திறந்ததும் பாடமாகிவிட்டது. பயந்துபோய் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அதையும் எழுதினார் பாருங்கள், அதனால்தான் அந்தக் குறிப்பு உதவுகிறது. பிள்ளை செய்ததை எழுதிவிட்டு, தான் செய்ததை விட்டுவிடுகிற குறிப்புகள்தான் எங்கும் அதிகம்.

மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த நேரத்தில். தலையை இடிப்பது போன்ற ஆபத்து இருந்தால் காத்திருக்க வேண்டாம், பாதுகாப்பு ஏற்பாடு முதல் நாளே தொடங்க வேண்டும். பிளான் போடுவது எண்ணி முடித்த பிறகு.

2. வலியா என்று முதலில் பாருங்கள்

பேச்சு வராத பிள்ளைக்குக் காது வலித்தால் காதில் அடித்துக்கொள்வான். பல் முளைத்தால் கடிப்பான். மலச்சிக்கல் இருந்தால் நாற்காலியில் உட்கார மாட்டான். ராத்திரி தூங்கவில்லை என்றால் காலையில் எல்லாமே சண்டைதான். திடீரென்று ஒரே வாரத்தில் நடத்தை மாறினால், ஸ்டிக்கர் சார்ட்டை எடுக்காதீர்கள். “சாப்பாடு, தூக்கம், டாய்லெட் எப்படி இருக்கு? டாக்டரைப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். அனுபவசாலியையும் புத்தகம் மட்டும் படித்தவரையும் சூப்பர்வைசர் பிரித்து அறிகிற இடங்களில் இது ஒன்று.

மருந்து பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். ரிஸ்பெரிடோனை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அனுமதித்தது. அந்த அனுமதியே ஐந்து வயதிலிருந்துதான். உங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. டாக்டரிடம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் டேட்டாவை டாக்டருக்குக் கொடுத்தனுப்புங்கள். அது அவருக்கு உண்மையான உதவி.

3. காரணம் நான்கு பெட்டிக்குள் வரும்

கவனம் வேண்டும். கஷ்டமான வேலையிலிருந்து தப்ப வேண்டும். ஒரு பொருள் அல்லது விளையாட்டு வேண்டும். அல்லது அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ தருகிறது. பெரும்பாலான நடத்தைகள் இந்த நான்கில் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கும்.

அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் கூட்டாளிகளும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழலில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சூழலில் கவனிப்பு கிடைக்கும், ஒன்றில் பாடவேலை, ஒன்றில் விளையாட்டு, ஒன்றில் தனிமை. வெளியே பார்க்க ஒரே மாதிரியான செயல், ஆனால் ஒருவருக்கு ஒரு சூழலில் கூடியது, இன்னொருவருக்கு வேறு சூழலில். ஆகவே “கடிக்கிற பிள்ளைக்கு என்ன செய்யலாம்?” என்று வாட்சாப் குழுவில் கேட்டு வாங்குகிற பதிலில் பயன் குறைவு. எந்தப் பிள்ளை, எப்போது, எதற்கு என்று தெரியாமல் பதில் இல்லை.

பெட்டியைத் தப்பாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். பசில் பிடிக்காமல் தட்டிவிடுகிற பையனைத் தனியே மூலையில் உட்கார வைக்கிறீர்கள். அவன் கேட்டதே பசிலிலிருந்து விடுதலைதான். தண்டனை என்று நினைத்து நீங்கள் கொடுத்தது அவனுக்குச் சம்பளம். நாளைக்கு இன்னும் சீக்கிரம் தட்டிவிடுவான்.

4. வேறு வழி கற்றுக்கொடுங்கள்

இந்த வேலையின் இதயம் இதுதான், ஆகவே இங்கே நேரம் செலவழியுங்கள்.

எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகள். யார் கவனம் குறைந்தபோது கலாட்டா செய்கிறார்கள், யார் வேலை கஷ்டமானபோது செய்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தார்கள். கவனம் வேண்டியவருக்குத் தன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கஷ்டப்பட்டவருக்குப் புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாக்கியத்தைக் கற்றவுடன் நடத்தை இறங்கியது. பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது இறங்கவில்லை. பிள்ளை பேசக் கற்றுக்கொண்டதால் மட்டும் அடங்கவில்லை, தனக்கு வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொண்டதால் அடங்கினான்.

தண்ணீர்ப் பையனுக்கு வருவோம். அவனுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் தண்ணீர். அவன் கையில் ‘இன்னும்’ என்கிற படக் கார்டு ஒன்று. ஆண்டி பான்டியும் லோரி ஃபிராஸ்டும் 1985-இல் டெலவேரில் தொடங்கிய பெக்ஸ் முறையில் இப்படித்தான் படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்குவார்கள். டீச்சர் குழாயை மூடப் போகிறார் என்று தெரிகிற நேரத்தில், அவன் படுப்பதற்கு முன்னால், ஒருவர் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்துக் கார்டைக் கொடுக்க வைக்கிறார். டீச்சர் உடனே “இன்னும் வேணுமா, சரி” என்று சொல்லிக் குழாயைத் திறக்கிறார். முதல் சில நாள் ஒவ்வொரு தடவையும் தர வேண்டும். எரிச்சலாக இருக்கும், வகுப்பு அட்டவணை தள்ளிப்போகும். பரவாயில்லை. தலையை இடிப்பதைவிடக் கார்டு சுலபமானது, வேகமானது, யாரிடமும் செல்லுகிறது என்று அவன் உடம்பு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் டைமரைக் கொண்டு வருவீர்கள். ஒரு நிமிடம், பிறகு அரை நிமிடம், பிறகு “முதல்ல ஷூ, அப்புறம் தண்ணி”. 1959-இல் டேவிட் பிரீமாக் எழுதிய கொள்கை இதுதான்: பிடித்த வேலையைப் பிடிக்காத வேலைக்குப் பின்னால் வை. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது தெரிந்த வித்தை.

படம் போதாது, பேசும் கருவி தேவைப்படும் என்று தோன்றினால் டெக் ஏபலுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போங்கள். வாங்கும் முன் பார்த்துவிட்டு வரலாம்.

ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை கிடைத்த பலன் திடீரென்று நின்றால், நடத்தை குறைவதற்கு முன் கூடலாம். மூன்று தடவை இடித்தவன் பத்து தடவை இடிக்கலாம். “இந்த முறை வேலை செய்யவில்லை” என்று நாலாம் நாள் கைவிட்டால், பத்து தடவை இடித்தால் கிடைக்கும் என்று புதிய பாடம் ஆகிவிடும். அதனால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் நடத்தைக்கு ‘கண்டுகொள்ளாமல் விடு’ என்கிற முறையை சைக்காலஜிஸ்ட்டோ அனுபவமுள்ள சூப்பர்வைசரோ கூட இல்லாமல் நீங்களாகத் தொடங்கவே கூடாது.

5. எதை மாற்றக்கூடாது என்றும் தெரிந்திருங்கள்

கையை உதறுகிறான், தன்பாட்டில் சுற்றுகிறான், ஒரே பாட்டை முணுமுணுக்கிறான். யாருக்கும் காயமில்லை, படிப்பும் கெடவில்லை. விட்டுவிடுங்கள். 1960-களில் ஐவர் லோவாஸ் கலிபோர்னியாவில் பிள்ளைகள்மீது மின்அதிர்ச்சியையும் அறைதலையும் பயன்படுத்தினார் என்பது மறைக்க முடியாத வரலாறு. அந்த வழியில் வளர்ந்த துறை இன்று மாறிவிட்டது. ஆனால் பிள்ளையை ‘நார்மலாக’ காட்டுவதற்காகவே செய்யும் பயிற்சியை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்றும் கண்டிக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். இன்டர்வியூவில் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். “இந்த நடத்தை அவன் பாதுகாப்பை, கற்றலை, மற்றவர் பாதுகாப்பைப் பாதிக்கிறதா என்று முதலில் கேட்பேன்” என்று சொல்லுங்கள்.

6. வீட்டை உங்கள் பக்கம் இழுங்கள்

இபிக்கில் ஒரு பிள்ளை வாரத்துக்கு 5 முதல் 12 மணி நேரம் இருப்பான். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மிச்சம் முழுக்க அம்மா, அப்பா, தாத்தா பாட்டி, இல்லப் பணிப்பெண் கையில். வீட்டில் நடக்காத பிளான் நிலையத்திலும் நிற்காது. குடும்பத்தோடு வேலை செய்யத் தெரிந்தவரின் கேஸ்களில்தான் முன்னேற்றம் தெரியும், முன்னேற்றம் தெரிகிறவருக்குத்தான் அடுத்த ப்ரொமோஷன்.

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், மற்றப் பெற்றோர் நிற்கும் வாசலில், “இன்னைக்கும் கடிச்சிட்டான்” என்று சொல்லாதீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். தனியே இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஐந்து கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

“எங்க காலத்துல ரெண்டு அடி வெச்சா சரியாயிடும்” என்று பாட்டி சொல்வார். விவாதத்துக்குப் போகாதீர்கள். “பாட்டி, அடிச்சா அந்த நேரத்துக்கு நிக்கும். ஆனா வேணும்னு எப்படிக் கேக்கறதுன்னு அவனுக்குத் தெரியாமலேயே போயிடும். இந்த வாரம் மட்டும் இந்தக் கார்டைக் குடுத்துப் பாருங்க. வியாழக்கிழமை நானே போன் பண்றேன்.” வியாழக்கிழமை போன் பண்ணுங்கள். தவறாமல் வருகிற அந்த ஒரு போனுக்குப் பிறகுதான் பாட்டி உங்கள் கட்சிக்கு வருவார்.

பணிப்பெண்ணுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டுமா? பெற்றோர் அனுமதியோடு, அரை நிமிட வீடியோவில், பிள்ளையின் முகம் இல்லாமல், கார்டு வாங்குகிற கையை மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு உள்ள சாதகத்தையும் சொல்ல வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அந்த வீடுகளில் ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், நிலையத்தில் அவர்களோடு தமிழில் உட்கார்ந்து பேசக்கூடியவர் கிடைப்பது பெரிய விஷயம். ‘பிள்ளை குழம்பிவிடும், தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்கிற பழைய ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டியின் ஒரே மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கினால், அவனோடு நாள் முழுக்க இருப்பவரை ஊமையாக்கிவிடுகிறோம். கார்டில் வீட்டுக்குத் தெரிந்த சொல்லையே போடுங்கள்: ‘வேணாம்’, ‘போதும்’, ‘இன்னும்’. ரெஸ்யூமேயில் தமிழை ‘லாங்குவேஜஸ்’ என்கிற கடைசி வரியில் புதைக்காமல், மேலே ‘தமிழ் பேசும் குடும்பங்களுக்கு வீட்டுப் பயிற்சி தர முடியும்’ என்று எழுதுங்கள்.

குடும்பம் ஏங்குகிற ஒரு இடத்தைக் கேளுங்கள். “தேக்காவுக்குக் கூட்டிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, கூட்டத்துல கத்துறான்” என்பார்கள். வார நாள் காலை, கூட்டம் குறைந்த நேரம், ஒரு பொருள் மட்டும் வாங்குவது, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவது. அடுத்த வாரம் எட்டு நிமிடம். தீபாவளி விளக்கு அலங்காரக் கூட்டத்தில் சிராங்கூன் ரோட்டில் நடப்பது அந்த ஏணியின் கடைசிப் படி. முதல் படியிலேயே அங்கே கொண்டு போனதால்தான் பல குடும்பங்கள் வெளியே போவதையே விட்டுவிட்டன.

7. வேலையில் தெரிகிற விதம்

முடியைக் கட்டுங்கள். தொங்குகிற காதணி வேண்டாம், சங்கிலியை உள்ளே விடுங்கள். இழுத்தால் பிரிகிற லேன்யார்டு கேளுங்கள். கடித்துப் பிடித்திருக்கும்போது கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், காயம் பெரிதாகும். விடுவிக்கும் முறையை நிலையத்தின் பயிற்சியில் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அன்றைக்கே எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாலர் பள்ளிகளிலும் தொடக்கநிலைத் தலையீட்டு நிலையங்களிலும் கேமரா கட்டாயம். உங்கள் குறிப்பும் கேமராவும் ஒன்றையே சொல்லும்படி எழுதிப் பழகினால் அதைப் பற்றிய கவலை வராது.

டெமோ கிளாஸில் உங்களைப் பார்ப்பவர்கள், பிள்ளை எதையாவது எறிந்தபோது உங்கள் முகம் எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறார்கள். குனிந்து அவன் உயரத்துக்கு வாருங்கள். பேச்சைக் குறையுங்கள். கலங்கியிருக்கும் பிள்ளைக்கு மூன்று சொல் போதும். மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கண் வையுங்கள். உங்களைப் பார்ப்பவர்கள் மார்க் போடுகிற இடம் அது.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் செஷனில் உட்கார அனுமதி கேளுங்கள். யாரும் எடுக்கத் தயங்குகிற கேஸை, நல்ல சூப்பர்விஷன் கிடைக்கும் என்று உறுதி வாங்கிக்கொண்டு, கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளையின் கிராஃப் உங்களுக்காகப் பேசும். பெயர், பிறந்த தேதி, பள்ளி எதுவும் இல்லாமல், நிலையத்தின் அனுமதியோடு, அதை இரண்டு பக்க கேஸ் ஸ்டடியாக எழுதி வையுங்கள். அடுத்த இன்டர்வியூவில் டிப்ளோமா எல்லாரிடமும் இருக்கும், இது இருக்காது. பிள்ளையின் வீடியோவை மட்டும் எந்த சோஷியல் மீடியாவிலும் போடாதீர்கள், முகத்தை மறைத்தாலும் கூடாது.

உடம்பும் மனசும் களைத்துப்போகிற வேலை இது. வாராவாரம் சூப்பர்விஷன் தராத, ஆள் பற்றாக்குறையில் உங்களைத் தனியே வகுப்பில் விடுகிற இடத்தில் நீண்ட நாள் நிற்காதீர்கள். வேலை மாறும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன், ஒரு டீச்சருக்கு எத்தனை கேஸ், சைக்காலஜிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள்.

8. பிள்ளையை அனுப்பி வைக்கும் ஃபைல்

ஆறு வயது முடியும்போது அவன் சாதாரணத் தொடக்கப்பள்ளிக்கோ சிறப்புக் கல்விப் பள்ளிக்கோ போவான். அங்கே புதிய டீச்சருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் ஃபைலை மட்டும்தான் தெரியும். முதல் நாள் காலையில் அதைப் புரட்ட அவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். ஆகவே குறைபாட்டின் பெயரையும் டெஸ்ட் ஸ்கோரையும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்: அவனுக்கு என்ன பிடிக்கும், வேண்டியதை அவன் எப்படிக் கேட்பான், கலங்கப் போகிறான் என்பதற்கு முதல் அடையாளம் என்ன, அந்த நேரத்தில் எது உதவும், எதைச் செய்யவே கூடாது. அவன் உபயோகிக்கிற கார்டுகளின் இன்னொரு செட்டை அதே பையில் வைத்து அனுப்புங்கள்.